வாசல் குழாய்

மத்தியானம் இரண்டு பத்துக்கு வாசல் குழாயில் தண்ணீர் ஓடியது. மூன்று நொடி ஓடி நின்றது. அந்த நேரத்தில் வீட்டுக்கு வர வேண்டியவர்கள் யாரும் இல்லை.

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிக்கொண்டு, காலடியில் இருந்த பெடலிலிருந்து பாதத்தை எடுத்தாள். கணினிக்குள் பேசிக்கொண்டிருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் தட்டிக் கொடுப்பது அவளுடைய வேலை. பெடலை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் மூன்று நொடி பின்னால் போகும். பதினோரு வருடமாக இதையே செய்ததில் மூன்று நொடி என்பதற்கு அவளுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. அது காலிலேயே ஊறிப்போயிருந்தது.

கணவன் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பான். ஆறு வயது மகள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து உள்ளறையில் தரையில் குப்புறப்படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் வாண்டுதான்.

அவள் மேசையிலிருந்து எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மாடிப்படியின் மேல்தளம் காலியாக இருந்தது. வாசலை ஒட்டி இடப்பக்கச் சுவரில் பதித்த சின்னப் பீங்கான் தொட்டி நனைந்திருந்தது. வடிகால் வாயில் கடைசித் தண்ணீர் சுழன்று உறிஞ்சப்படும் சத்தம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கியது.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொற்றுக்காலத்தில் அவள் கணவன் மருத்துவமனை ஊழியர்களை ஏற்றி இறக்கும் பேருந்தை இரண்டு வருடம் ஓட்டினான். அப்போது வாண்டு கைக்குழந்தை. வெளியிலிருந்து வருகிற கை வீட்டுக்குள் எதையும் தொடக்கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதால், பிளம்பரைக் கூட்டிவந்து சமையலறைக் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்து, கதவுக்கு வெளியே தொட்டியும் குழாயும் வைத்தான். அறுவை சிகிச்சை அறைகளில் இருக்குமே, முழங்கையால் தள்ளித் திறக்கிற நீளக் கைப்பிடி, அந்த மாதிரிக் குழாய். அழைப்பு மணியை எல்லா விரலும் தொடும் என்பதால் அதன் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதில் தண்ணீர்ச் சத்தமே மணி ஆனது. வந்தவர் கழுவுவார், உள்ளே இருப்பவர் எண்ணுவார். இருபது வந்ததும் கதவு திறக்கும். பதினைந்தில் நிறுத்தினால் உள்ளேயிருந்து குரல் வரும்: "இன்னும் அஞ்சு பாக்கி!"

ஏன் இருபது என்று வாண்டு கேட்கும் வயது வந்ததும் அவள் கதை மாதிரிச் சொல்லிக்கொடுத்தாள். கிருமி ஒரு கொழுப்புச் சட்டை போட்டிருக்கும். வெறும் தண்ணீர் அந்தச் சட்டையில் ஒட்டாமல் வழுக்கிப் போய்விடும். சோப்புத் துகளுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குக் கொழுப்பு பிடிக்கும். அதனால் வால் போய்ச் சட்டையைக் குத்தும், தலையைத் தண்ணீர் இழுக்கும், இழுக்க இழுக்கச் சட்டை கிழியும். கிழிய நேரம் வேண்டாமா? அந்த நேரம்தான் இருபது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முதுகு, கட்டைவிரல், நகநுனி. வாண்டு ஒன்று இரண்டு கற்றதே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான்.

பிறகு எல்லாம் தளர்ந்தது. பயம் போகும்போது முதலில் கையைத்தான் விட்டுப் போகிறது போலிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டையும் சில்லறைக் காசையும் சோப்பு நுரையில் ஊறப்போட்ட கீழ்வீட்டு அக்கா, இப்போது மாடிப்படியில் செருப்பைத் தட்டிவிட்டு அதே கையால் பழம் உரித்துத் தின்கிறாள். கணவனின் இருபது பன்னிரண்டாகி, ஏழாகி, மூன்றில் வந்து நின்றது. "தண்ணிக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டு வந்துட்டேன், போதும்," என்று ஈரக் கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வருவான். மணியின் ஒயரை மட்டும் திரும்ப மாட்டவில்லை. "நாளைக்கு மாட்டறேன்" என்பான். அந்த நாளை மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. அதனால் அந்த வீட்டில் இன்னும் தண்ணீர்தான் மணி.

அன்று சாயங்காலம் கீழே இறங்கிப் போய்க் கேட்டாள். கீழ்வீட்டு அக்கா மத்தியானம் முழுவதும் படியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள்.

"ரெண்டு மணிக்கு யாராவது மேல வந்தாங்களாக்கா?"

"என்னைத் தாண்டி ஒரு ஈ போகல. ஏன், யாராவது கடன்காரனா?"

"குழாய்ல தண்ணி ஓடுச்சு."

"குழாய்ல தண்ணி ஓடாம டீயா ஓடும்? போம்மா, பகல்ல கொஞ்சம் தூங்கு. காதுல எந்நேரமும் அதை மாட்டிக்கிட்டு இருந்தா இப்படித்தான்."

மறுநாள் அதே நேரத்துக்கு ஐந்து நொடி. அதற்கடுத்த நாள் ஒன்பது, நடுவில் சோப்புக் குப்பியின் தலை அமுங்கி எழும் சத்தமும் சேர்ந்தது. அவள் கதவில் பதித்திருந்த சின்ன லென்ஸில் கண்ணை வைத்தாள். அந்த லென்ஸ் எதிரில் இருப்பதை வளைத்து உருண்டையாகக் காட்டும். படிக்கட்டு தெரியும், கைப்பிடிக் கம்பி தெரியும், எதிர்ச்சுவர் தெரியும். பக்கத்துச் சுவரை ஒட்டியிருக்கிற தொட்டி மட்டும் அதன் வளைவுக்கு எட்டாது. தொட்டியருகே யார் நின்றாலும் உள்ளே இருப்பவருக்குச் சத்தம் மட்டும்தான். இத்தனை வருடத்தில் அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அன்றும் கதவைத் திறந்தாள். தொட்டி விளிம்பில் கொஞ்சம் நுரை. எலுமிச்சை வாசனை. படிகள் காய்ந்திருந்தன. ஈரக் கால்தடமோ, ஒரு சொட்டோ கூடக் கீழே இறங்கியிருக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"பூனையா இருக்கும்."

"பூனை சோப்பு போடுமா?"

"சுத்தமான பூனை. உன்கிட்ட டிரெயினிங் எடுத்திருக்கும்." சிரித்தவன், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "குழாய் வாஷர் தேஞ்சிருக்கும்ப்பா. அழுத்தம் ஏறினா தானா ஓடும். நாளைக்குப் பார்க்கறேன்."

நாளைக்கு.

அதன்பிறகு அவள் கதவைத் திறப்பதை நிறுத்தினாள். மேல்தாழ்ப்பாளையும் போட்டுவைத்தாள். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்பது அவளுடைய தொழில். புரியாத ஒரு சத்தத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்குத் தெரியாது. கைபேசியைப் பதிவில் போட்டு, கதவின் அடி இடுக்கில் வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். இரண்டு பத்துக்கு அது வந்தது. முடிந்ததும் பதிவைக் கணினியில் ஏற்றினாள்.

திரையில் சத்தம் ஒரு மலைத்தொடர் மாதிரி விரியும். உரத்த இடம் உயரும், மெல்லிய இடம் தாழும். பழகிய கண்ணுக்கு அதில் வார்த்தைகள் தெரியும். கை கழுவுவதிலும் வார்த்தைகள் உண்டு. உள்ளங்கைகள் உரசும்போது நடுவில் காற்று சிக்கிச் சளக் சளக் என்று விடுபடும், திரையில் அது கூரான சிகரங்கள். புறங்கைக்குக் காற்று சிக்காது, அதனால் மழுங்கிய மேடுகள். விரலிடுக்குக்குச் சரசரவென்று பல்வரிசை. கட்டைவிரலை இன்னொரு கை பொத்தித் திருகும்போது ஒரு சின்ன இழுப்பு, ஈர ரப்பரைத் திருகுவது போல. ஆளுக்கு இரண்டு இழுப்பு. இடது ஒன்று, வலது ஒன்று.

அவள் எண்ணினாள். இரண்டு. பிறகு மூன்றாவது இழுப்பு. பிறகு நான்கு.

குதிகாலால் பெடலைத் தட்டினாள். மூன்று நொடி பின்னால் போனது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டாள். ஒரே விரலைத் திரும்பத் தேய்த்தால் சத்தம் ஒரே சுருதியில் இருக்கும். இவை வெவ்வேறு சுருதிகள். ஒன்று தடிமன், ஒன்று மெலிசு, ஒன்று மிகவும் நீளம். ஐந்து. ஆறு. ஏழாவதின் நடுவில் தண்ணீர் நின்றது.

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் வியர்த்தது.

அந்த வாரம் முழுவதும் அவள் வேலையில் பிழைகள் வந்தன. ஒரு மருத்துவரின் குறிப்பில் அவர் சொல்லாத ஒரு வார்த்தையைத் தட்டியிருந்தாள்: 'கட்டைவிரல்'. அனுப்பிய இடத்திலிருந்து கேள்விக்குறி போட்டுத் திரும்பி வந்தது. தினமும் பதிவுசெய்தாள், தினமும் எண்ணினாள். நொடிகள் ஏறின: பதினொன்று, பதினான்கு, பதினாறு. இழுப்புகள் குறைந்தன: ஆறு, நான்கு, மூன்று. புதன்கிழமை பதினெட்டு நொடி, இழுப்பு இரண்டே இரண்டு. முன்பு இடம் மாறியிருந்த புறங்கை அன்று சரியான இடத்துக்கு வந்திருந்தது. கடைசியில் நகநுனி உள்ளங்கையில் சுரண்டும் மெல்லிய கரகரப்புகூட இருந்தது.

மலைத்தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கிப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. வாண்டுவின் எழுத்துப் பயிற்சி நோட்டும் இப்படித்தான் இருந்தது. மேலே கோணல், கீழே போகப் போக நேர். அது கற்றுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. இரண்டு மணிக்கு முன்பே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. சுவருக்குள் குழாயில் தண்ணீர் நகர்ந்தது. வெளியே திறந்தால் உள்ளே இருக்கிற குழாயிலும் அழுத்தம் இறங்கி ஒரு சின்னப் பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சைக் கேட்டாள். அதோடு கூட, கூடத்திலிருந்து ஒரு குரலையும் கேட்டாள்.

"உள்ளங்கை... ம்ம், புறங்கை... இப்ப விரலிடுக்கு. மெதுவா, மெதுவா. அவசரம் என்ன?"

எழுந்து வந்து பார்த்தாள். வாண்டு கதவுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் கதவில் ஒட்டியிருந்தது. வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சரசரவென்ற சத்தம் மெதுவாகியது.

"பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது... ச்சே." தண்ணீர் நின்றது. "ஒண்ணுதான் பாக்கி. பரவாயில்ல. நாளைக்கு வந்துடும்."

"யார்கிட்ட பேசறே?" அவள் குரல் காற்றாகத்தான் வந்தது.

வாண்டு திரும்பினாள். பிடிபட்ட முகம் இல்லை, பெருமைப்படும் முகம். "வெளிய இருக்கறவங்ககிட்டம்மா."

"யாரு அது?"

"தெரியல. அவங்களுக்குப் பேச வராது. கழுவத்தான் வரும். அதுவும் முதல்ல சுத்தமா வரல. தண்ணியைத் திறந்துட்டு சும்மா நின்னாங்க. பாவமா இருந்துச்சு. நீ போனை எடுத்துட்டுப் போய் ஹெட்போன்ல கேக்கறப்போ, நான்தான் கதவுகிட்ட உக்காந்து சொல்லிக்குடுத்தேன்."

"என்ன சொல்லிக்குடுத்தே?"

"எல்லாம்தான். கட்டைவிரலைக் கழுவிக்கிட்டே இருந்தாங்கம்மா, முடியவே இல்ல. கட்டைவிரல் ரெண்டே ரெண்டுதான்னு சொன்னேன். அப்புறம் சரியாயிடுச்சு." வாண்டு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். "இருபது வந்தா திறக்கணும்ல? நீதானே சொன்னே."

கதவின் ஓரமாக, சமையலறையில் இருக்க வேண்டிய முக்காலி நின்றிருந்தது. அதன்மேல் ஏறினால் ஆறு வயதுக் கைக்கு மேல்தாழ்ப்பாள் எட்டும்.

அவள் முக்காலியை அப்பால் தள்ளினாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே மண்டியிட்டாள். இந்த ஒன்று மட்டும் அவள் தலையில் இருந்தது: வாண்டு இந்தக் கதவைத் திறக்கக்கூடாது. திறக்கவே கூடாது.

"இங்க பாரு. இனிமே இருபது வரைக்கும் கழுவறவங்களுக்குத் திறக்கக்கூடாது. புரியுதா? அது நம்ம ஆளு இல்ல."

"ஏன்?"

"நம்ம அப்பா இருபது வரைக்கும் கழுவ மாட்டார். அவர் எப்படிக் கழுவுவார், சொல்லு?"

வாண்டு களுக்கென்று சிரித்தாள். "கொஞ்சூண்டு. மூணு எண்றதுக்குள்ள முடிச்சுடுவார்."

"ஆ, மூணு. அப்புறம்?"

"பேண்ட்டுல துடைப்பார். தொண்டையைச் செருமுவார், ரெண்டு தடவை."

"அதேதான். அப்படிக் கேட்டா அப்பா. வேற எப்படிக் கேட்டாலும் என்னைக் கூப்பிடு."

வெளியே அதுவரை ஈரத் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த சொட்டு நின்றுபோயிருந்தது. ஒருவர் விரலை வைத்துக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு காது கொடுத்தால் எப்படி நிற்குமோ, அப்படி. அவள் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவள் கவனிக்காமல் விட்ட சத்தம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாலரை மணிக்குக் கணவனுக்குப் போன் செய்தாள். பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் பத்து நிமிடத்தில்தான் அவன் பேச முடியும். ஓட்டும்போது கைபேசியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், அது அவர்கள் டிப்போவின் கண்டிப்பான விதி. பின்னால் என்ஜின்கள் உறுமின. அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தண்ணீர், இழுப்புகள், வாண்டு, முக்காலி. சொல்லச் சொல்லத் தன் வார்த்தைகள் எப்படிக் கேட்கின்றன என்பது அவளுக்கே தெரிந்தது.

 அவன் குரலில் கேலி இல்லை.

"தப்பு என் மேலதான்ம்மா," என்றான். "நீ அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தின. நான் விளையாட்டா எடுத்துக்கிட்டேன். அந்தப் பயம் உனக்குள்ள அப்படியே இருந்திருக்கு, நான் பார்க்கல. இன்னைக்கு வந்து ஒழுங்கா கழுவறேன். இருபது. நீ உள்ளேர்ந்து எண்ணு, சரியா? மனசு ஆறிடும்."

"ஐயோ, வேண்டாங்க, நான் அதைச் சொல்லல. நீங்க எப்பவும் போல..."

"வண்டி எடுக்கணும், விசில் அடிக்கறான். வெச்சுடறேன்."

திரும்ப அழைத்தாள். அணைக்கப்பட்டிருந்தது. 'கழுவாதீங்க. சும்மா வாங்க' என்று செய்தி தட்டினாள். அது யாரும் பார்க்காமல் அப்படியே கிடந்தது.

வானம் மூடிக்கொண்டு வந்தது. ஐந்தரைக்கே கூடம் மங்கியது. விளக்கைப் போட எழ வேண்டும், ஆனால் கதவின் எதிரிலிருந்து எழ அவளுக்கு மனம் வரவில்லை. வாண்டுவை மடியில் இருத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டில் தொலைக்காட்சி பேசியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் ஒவ்வொரு சத்தத்தையும் எடுத்து, இது இன்னது என்று பெயர் சொல்லி, கீழே வைத்தாள். வழக்கமாக அவன் ஆறு நாற்பதுக்கு வருவான்.

ஆறு இருபத்தைந்துக்குக் குழாய் திறந்தது.

அவள் மூச்சைப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

துணியில் ஈரக் கை துடைபடும் சத்தம். செருமல். இன்னொரு செருமல்.

"அப்பா!" வாண்டு மடியிலிருந்து குதித்தாள்.

அவள் எழுந்துபோய் லென்ஸில் கண்ணை வைத்தாள். மாடிப்படியின் மங்கிய வெளிச்சத்தில், வளைந்து உருண்டு, டிரைவர் சட்டை தெரிந்தது. தலை குனிந்திருந்தது. கைகள் பேண்ட்டின் பக்கங்களில் மேலும் கீழும் துடைத்துக்கொண்டிருந்தன. களைத்துப்போனவன் நிற்கிற மாதிரியே நின்றான்.

ஒழுங்கா கழுவறேன் என்று சொன்னானே என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே. சொன்னதை என்றைக்குச் செய்திருக்கிறான்? நாளைக்கு மாட்டறேன், நாளைக்குப் பார்க்கறேன். மறந்திருப்பான். மறந்ததே நல்லதாகப் போயிற்று.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

அவன் ஒன்றும் பேசாமல் அவளைக் கடந்து உள்ளே போனான். வாண்டு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோபாவில் உட்காரவைத்தாள். அவள் கதவைச் சாத்தினாள். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். நெற்றியைக் கதவில் சாய்த்து ஒரு நிமிடம் நின்றாள். அந்த வாரத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

"டீ போடறேன்," என்று சமையலறைக்குள் போனாள்.

பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். தீப்பெட்டியைத் தேடும்போதுதான் அது உறைத்தது. டீசல் வாசனை. தினமும் அவன் வீட்டுக்குள் வந்தால் கூடவே வரும், சட்டையைத் துவைத்தாலும் போகாது. இன்றைக்கு அது இல்லை. அவளைக் கடந்து போனபோது எலுமிச்சை மணந்தது.

அடுப்படிக் குழாய் ஒரு சின்னப் பெருமூச்சு விட்டது.

வெளியே தண்ணீர் ஓடியது.

சோப்புக் குப்பி அமுங்கியது. உள்ளங்கை. சளக், சளக். நிதானமாக, கொஞ்சம் கூச்சத்தோடு, பல காலமாகச் செய்யாத ஒன்றைச் செய்கிறவரின் தடுமாற்றத்தோடு. புறங்கை. விரலிடுக்கு. நடுவில் ஒரு தும்மல். கட்டைவிரல் ஒன்று. கட்டைவிரல் இரண்டு. நகநுனி. அவள் உதடுகள் தாமாக எண்ணின. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

தண்ணீர் நின்றது.

"வாண்டூ," என்றது கதவுக்கு வெளியே அவள் கணவனின் குரல். "எண்ணினியா? அப்பா இன்னைக்கு ஃபுல் மார்க். அம்மாகிட்ட சொல்லு. கதவைத் திற."

தீக்குச்சி அவள் கையிலிருந்து விழுந்தது. கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் இருட்டு. சோபாவின் முதுகும், அதன்மேல் ஒரு தலையும். தலை திரும்பவில்லை.

"திறக்காதே," என்றது அது.

அவன் குரல்தான். அவனுடைய அதே கரகரப்பு. ஆனால் அந்த வார்த்தைகளின் ஏற்ற இறக்கம் அவனுடையது அல்ல. ஆயிரக்கணக்கான குரல்களைக் கேட்டவளுக்கு அது யாருடையது என்று உடனே தெரிந்தது. அவளுடையது.

"நம்ம அப்பா இருபது வரைக்கும் கழுவ மாட்டார்."

கதவு தட்டப்பட்டது. "என்னம்மா? திற. உள்ளே யாரு பேசறது?"

அவளால் கதவுப் பக்கம் போக முடியவில்லை. கதவுக்குப் போனால் சோபாவுக்கு முதுகு காட்ட வேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தாள். சோபா பக்கம். இன்னொரு அடி. தரையில் ஈரம். அவள் பாதத்துக்கடியில் வழுக்கியது.

"வாண்டு. அம்மாகிட்ட வா."

"இரும்மா." மகளின் குரல் மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் வந்தது. "அப்பா எனக்குக் கழுவிவிடறார். ஜில்லுனு இருக்கு."

கதவு இடிக்கப்பட்டது. தோளால். மறுபடியும்.

சோபாவைச் சுற்றி வந்தாள். வாண்டு அதன் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி. அந்தப் பெரிய கைகள் அவற்றைப் பொத்தித் தேய்த்துக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ நுரை வந்து மடியெல்லாம் வழிந்தது. பெரிய கைகளின் தோல் வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததைப் போல வெளுத்து, சுருங்கி, மடிப்பு மடிப்பாக இருந்தது. உள்ளங்கை. புறங்கை. விரலிடுக்கு. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"இருபத்தேழு," என்றாள் வாண்டு. "இருபத்தெட்டு."

சின்னஞ்சிறு மணிக்கட்டுகள் இரண்டும் அந்த நுரைக்குள் போயின. மறுபக்கம் விரல்கள் வெளியே வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, நீளமாக, வெள்ளையாக. அவற்றில் ஒன்றுகூட அவள் மகளுடையது இல்லை.